தேங்காய்த் தோட்டத்துக்கு எந்த வாய்க்கால்?

2009ஆம் ஆண்டு. யுத்தம் முடிந்து இரண்டு மூன்று மாதங்கள் ஆகியிருக்கும். கல்முனைக்குடியில், சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீட்டுத் திட்டத்தில், என் ராத்தாவின் வீட்டு முன் விறாந்தையில்தான் இது நடந்தது. ராத்தா என்றால் எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரி, உம்மா என்றால் தாய். உம்மாவும் நானும் அப்போது ராத்தாவோடுதான் இருந்தோம்.

நான் புள்ளிவிபரவியலில் பட்ட மேற்படிப்பு செய்துகொண்டிருந்தேன். கொழும்புப் பங்குச் சந்தையில் இருக்கும் கம்பனிகளின் விலை ஏற்ற இறக்கங்களைக் காரணி மாதிரியுரு என்ற கணக்கில் பொருத்தி, வருகிற விடைகளைப் படமாகக் கீறுவதுதான் என் ஆய்வு. இதை ஊரில் யாருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை. உம்மா கேட்பவர்களிடம் எல்லாம் "அவ கொம்பியூட்டர்ல கோடு கீறுற" என்று சொல்லி வைத்திருந்தார். அதனால் என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், நான் வீட்டுப் பிளான் கீறுகிறவள் என்று நினைத்து, அவர்களுடைய வளவில் கிணறு எந்த மூலையில் வந்தால் நல்லது என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். சம்பந்தம் சரிவரவில்லை. கிணறு என்ன ஆனதோ தெரியாது.

என் கணக்கை வயல்காரருக்குச் சொன்னால் லேசில் விளங்கும். பெரிய வாய்க்காலில் தண்ணீர் திறந்தால் எல்லா வயலுக்கும் கொஞ்சம் பாயும். சந்தை முழுவதும் ஏறும்போது எல்லாப் பங்கும் கொஞ்சம் ஏறுவது அப்படி. அதைத் தவிர சின்ன வாய்க்கால்களும் உண்டு. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் ஒன்றாகச் சேர்ந்து ஏறி இறங்குவது அப்படி ஒரு வாய்க்கால். எந்த வயல் எந்த வாய்க்காலில் எவ்வளவு குடிக்கிறது என்று பழைய விலைகளை வைத்துக் கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்த பிறகு மென்பொருள் ஒவ்வொரு கம்பனிக்கும் ஒரு படம் தரும். அதில் இரண்டு கோடுகள் ஓடும். ஒன்று அந்தப் பங்கு உண்மையில் ஆடிய ஆட்டம். மற்றது, வாய்க்கால்களை மட்டும் பார்த்து என் கணக்கு சொல்லும் ஆட்டம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி அந்தக் கம்பனிக்கு மட்டும் நேர்ந்த சங்கதி. அங்கே வேலைநிறுத்தம் நடந்திருக்கலாம், புது இயந்திரம் வாங்கியிருக்கலாம், வேறு ஏதாவதும் இருக்கலாம்.

இனி ராத்தாவின் கதை. ராத்தாவின் கணவரை, என் மச்சானை, சுனாமியில் கடல் கொண்டுபோய் அப்போது ஐந்தாவது வருடம். சுனாமிக்கு முந்திய நோன்புப் பெருநாளில்தான் மச்சான் ஹஜ்ஜுக்குப் போவதாக மனதில் உறுதி எடுத்து, நிய்யத்து வைத்து, கடவுச்சீட்டுக்குப் படமும் எடுத்து வந்தார். போவதற்கு நாள் கிடைக்கவில்லை. ஒருவர் நிய்யத்து வைத்துப் போகாமல் மௌத்தானால் அவருக்காக வேறொருவர் போய் அந்தக் கடமையைச் செய்யலாம். பதல் ஹஜ் என்று சொல்வோம். ராத்தாவுக்கு அந்த ஐந்து வருடமும் அது ஒன்றே நினைப்பு. வரிப்பத்தான்சேனைப் பக்கம் மச்சானுக்கு ஒரு துண்டு வயல் இருந்தது. யுத்தம் முடிந்ததும் காணிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ராத்தா அதை விற்றார். ஆனால் விற்ற காசு ஒரு ஹஜ் பயணத்துக்குப் போதவில்லை.

அந்த நேரம் பார்த்து எங்கள் மாமா ஒரு யோசனையோடு வந்தார். மாமா உம்மாவின் தம்பி. கல்முனை பஸாரில் புடவைக்கடை வைத்திருந்தார். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர் என்பதால் ஊரில் எல்லோருக்கும் அவர் ஹாஜியார். யுத்தம் முடிந்ததோடு பங்கு விலைகள் ஏறத் தொடங்கியிருந்தன. பஸாரில் வியாபாரிகள் சிலர் மாமாவைத் தலையாக வைத்து ஒரு கூட்டுச் சேர்ந்து, கம்பனிப் பங்குகளை வாங்கத் தீர்மானித்தார்கள். வட்டித் தொழில் செய்யும் வங்கியும் நிதிக் கம்பனியும் வேண்டாம், சாராயமும் சிகரெட்டும் வேண்டாம். மிச்சத்தில் எட்டுக் கம்பனிகளைத் தெரிந்தெடுத்து, பெயர்களை ஒரு மௌலவியிடம் வாசித்துக் காட்டி, "பெயரளவில் பிழை இல்லை" என்று கேட்டுக்கொண்டு, வாங்கவும் தொடங்கிவிட்டார்கள். அதில் சீமெந்து இருந்தது, ஓடு இருந்தது, மருந்து இருந்தது, ஹோட்டல் இருந்தது, ஒரு தேங்காய்த் தோட்டமும் இருந்தது.

"வயல் வித்த காச இதில போடு மகள். அடுத்த ஹஜ்ஜுக்கிடையில அது தன்பாட்டுல வளந்திரும்," என்றார் மாமா. "வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்சி வாறன். ஓம் இல்ல எண்டு ஒரு முடிவச் சொல்லு."

 மாமா படியிறங்கிய பிறகு ராத்தா என்னிடம் வந்தார்.

"நீ கீறுற கோட்டுல இந்த எட்டையும் போட்டுப் பாக்க ஏலாதா? இது அவருட ஹஜ்ஜு. காசு காணாமப் போனாலும் நான் தாங்குவன். ஹராம் கலந்தா தாங்க மாட்டன்."

ஹலாலான காசு இல்லாமல் ஹஜ் இல்லை என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என்றாலும் என் கணக்கால் ஹலால் ஹராம் பார்க்க முடியாது என்றுதான் நான் சொன்னேன். ஏறுமா, இறங்குமா, எதனோடு சேர்ந்து ஆடும் என்று வேண்டுமானால் பார்க்கலாம்.

"அதப் பாரு," என்றார் ராத்தா.

எனக்கும் ஆசைதான். உண்மையைச் சொன்னால், என் ஆய்வு முதன்முதலாக ஒரு மனிசருக்கு உதவப்போகிறது என்ற சந்தோசப் புளுகம். அந்த எட்டுக் கம்பனிகளின் பழைய விலைகள் என் லப்டொப்பில் ஏற்கெனவே இருந்தன. கணக்கைப் பொருத்தினேன். நான் பாவித்த மென்பொருள் இலவசமாகக் கிடைப்பது. கணக்கு முடிந்ததும் ஒரு பட்டியல் காட்டி, "எந்த வகைப் படம் வேண்டும், எண்ணைத் தா" என்று கேட்கும். எண்ணைக் கொடுத்தால் அந்த வகையில் கம்பனிகளின் படங்கள் வரும். பூச்சியத்தைக் கொடுத்தால்தான் ஆளை விடும். திரையில் வந்ததை நான் ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். சீமெந்துக் கம்பனியில் இரண்டு கோடுகளும் சண்டை பிடித்த சம்பந்திகள் போல் ஆளுக்கொரு பக்கம் போயின. மருந்தும் அப்படி. ஓடு இன்னும் மோசம். வங்கி வாய்க்காலில் எதுவும் பெரிதாகக் குடிக்கவில்லை. எனக்குத் திருப்தி.

வியாழக்கிழமை, கல்முனை பஸ் டிப்போவுக்குக் கிட்ட இருந்த கொமியூனிக்கேஷன் கடைக்குப் போய், எட்டுப் படங்களையும் அச்செடுத்தேன். அங்கே இருந்தது கறுப்பு மை மட்டும். நான் நீலத்திலும் சிவப்பிலும் கீறிய கோடுகள் இரண்டும் கறுப்பாக வந்தன. கடைக்காரர் தாள்களின் இடது மூலையில் ஒரு கம்பி அடித்துக் கையில் தந்தார்.

வீட்டுக்கு வந்தபோது அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்ல இன்னும் நேரம் இருந்தது. ராத்தா விறாந்தையில் அயல் வீட்டுப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்து முடித்து, அவர்களை அனுப்பிக்கொண்டிருந்தார். நான் தாள்களை ராத்தாவின் மடியில் வைத்துவிட்டு, "எல்லாம் சரி, பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே தேத்தண்ணி ஊற்ற உள்ளே போனேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ராத்தா தமிழ்ப் பத்திரிகை வாசிக்கும்போது எல்லோரையும் போலத்தான் புரட்டுவார். ஆனால் அந்தத் தாள்களில் வாசிக்க ஒன்றும் இல்லை. கோடும், இங்கிலீசில் கம்பனிப் பெயரும் மட்டும்தான். வாசிக்க எழுத்து இல்லாதபோது கை தன் பழக்கத்துக்குப் போய்விடும் போல. வலப் பக்கத்திலிருந்து தொடங்கும் குர்ஆனைக் காலையும் மாலையும் புரட்டுகிற கை அது. அந்தக் கட்டைக் குப்புறத் திருப்பி, பின் பக்கத்திலிருந்து பிரித்திருக்கிறார். நான் முதல் படம் என்று வைத்தது அவருக்குக் கடைசி. என் கடைசிப் படம் அவருக்கு முதல்.

"இதில ஏன் ஒரு கோடு மட்டும் இரிக்கி?" என்று குரல் வந்தது.

"எல்லாத்திலயும் ரெண்டு ராத்தா."

"மத்ததுல ரெண்டு. இதில ஒண்டுதான். வந்து பாரு."

மை போதாமல் போயிருக்கும் என்று சொல்லியபடி எட்டிப் பார்த்தேன். அது தேங்காய்த் தோட்டம். உண்மையிலேயே ஒரு கோடுதான் தெரிந்தது, கொஞ்சம் தடித்த கோடு. அந்தப் படத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எப்படிப் பார்க்காமல் விட்டேன்?

லப்டொப்பைத் திறந்தேன். காரணம் சிரிப்பானது. அந்த மென்பொருள் எத்தனை கம்பனிகளைக் கொடுத்தாலும் முதல் ஆறின் படங்களைத்தான் தானாகத் திரையில் காட்டும். மீதி வேண்டும் என்றால் நாம்தான் கேட்க வேண்டும். அச்சுக்குப் போன கோப்புக்கு நான் தனியாகக் கட்டளை எழுதியதால் அதில் எட்டும் இருந்தன. கம்பனிப் பெயரின் முதல் சொல்லை வைத்து, இங்கிலீஷ் எழுத்து வரிசையில் தேங்காய்த் தோட்டம் கடைசியில் நின்றது. ராத்தா மற்றவர்களைப் போல முன்பக்கத்தால் புரட்டியிருந்தால், சீமெந்தும் ஓடும் பார்த்த களைப்பில் நாலாவது தாளோடு மூடி வைத்திருப்பார். அப்படித்தான் நான் அவருக்கு எதை விளங்கப்படுத்தினாலும் நடக்கும்.

திரையில் நிறத்தோடு பார்த்தேன். நீலக் கோடும் சிவப்புக் கோடும் இருந்தன. ஒன்றன் மேல் ஒன்று படுத்திருந்தன. கணக்கு என்ன சொன்னதோ, பங்கு ஏறக்குறைய அதையே செய்திருந்தது.

என் படிப்பில் இப்படி வந்தால் கைதட்ட வேண்டும். கணக்கு அச்சொட்டாகப் பொருந்திவிட்டது என்று ஆய்வில் முதல் படமாகப் போடலாம். ஆனால் எனக்குச் சந்தேகம்தான் வந்தது. ஒருவேளை வங்கிகளின் விலையைத் தவறுதலாகத் தோட்டத்தின் பெயரில் ஒட்டிவிட்டேனோ? தேடிப் பார்த்தேன், இல்லை. தேதிகள் மாறியிருக்குமோ? இல்லை. பிறகு, இந்த வயல் எந்த வாய்க்காலில் குடிக்கிறது என்று காட்டும் கட்டைப் படத்தைக் கேட்டேன். சந்தை என்ற பெரிய வாய்க்காலுக்குச் சின்னதாக ஒரு கட்டை. வங்கி, நிதி வாய்க்காலுக்கு நெட்டையாக ஒரு கட்டை.

"தேங்காயும் பேங்கும் எப்படி ஒண்டாப் போகும்?" என்று ராத்தா கேட்டார். அவருக்கு அந்தக் கட்டைப் படம் உடனே விளங்கிவிட்டது. நாலு வருடமாக வயலை வாரத்துக்கு, விளைச்சலில் பங்குக்கு, விட்டுப் பார்த்தவர். தண்ணீர்ச் சண்டை எல்லாம் தெரியும்.

 அந்தக் கேள்வி என்னைப் பிடித்து ஆட்டியது. மழை பெய்தால் தேங்காய் காய்க்கும், வெயில் எரித்தால் குறையும். வட்டி வீதம் கூடினால் குரும்பை உதிருமா? உம்மா தன் பங்குக்கு, தோட்டக்காரர் தேங்காய் விற்ற காசை எல்லாம் பேங்கில் போடுகிறார்களோ என்று ஒரு விளக்கம் சொன்னார். நாங்கள் மூன்று பேரும் தேத்தண்ணி ஆற ஆற அந்த ஒரு கோட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அந்த வீட்டில் அவ்வளவு நேரம் மச்சானின் மௌத்தைப் பற்றி அல்லாமல் வேறொன்றைப் பற்றி நாங்கள் கதைத்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில், அலுவலகங்கள் திறக்கும் நேரம் பார்த்து, கொழும்பில் அந்தக் கம்பனியின் தலைமைக் கந்தோருக்குத் தொலைபேசியில் கோல் எடுத்தேன். ஒரு பெண் பேசினார். சிங்களவர். என் சிங்களம் மூன்று சொல்லோடு முடிந்தது. அவருடைய தமிழும் அவ்வளவுதான். இரண்டு பேரும் இங்கிலீஷைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். உங்கள் கம்பனிக்கு இலாபம் எதிலிருந்து வருகிறது என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். இந்த இலக்கத்துக்கு விலை ஏறுமா என்று கேட்டுத்தான் ஆட்கள் எடுப்பார்களாம். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லையாம். கொஞ்சம் பொறுங்கள் என்று வைத்துவிட்டுப் போனார். கோல் காசு ஓடுவதை எண்ணிக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து, ஆண்டறிக்கையைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: தோட்டம் இருக்கிறது, தேங்காயும் இருக்கிறது, ஆனால் அது கொஞ்சம். சில வருடங்களுக்கு முன்பு இந்தக் கம்பனி ஒரு லீசிங் கம்பனியை வாங்கியது. வாகனத்துக்கும் உழவு இயந்திரத்துக்கும் வட்டிக்குப் பணம் கொடுக்கும் தொழில். இலாபத்தில் பெரும் பகுதி இப்போது அங்கிருந்துதான் வருகிறது. பெயரை மட்டும் பழையபடி வைத்திருக்கிறார்கள். ஒளிப்பு மறைப்பு ஒன்றும் இல்லை, கேட்ட யாருக்கும் சொல்வார்கள்.

நன்றி சொல்லி வைக்கப் போனேன். அவர் விடவில்லை. எங்கிருந்து பேசுகிறீர்கள் என்றார். கல்முனை என்றேன். அங்கே இப்போது எல்லாம் சரியா என்று கேட்டார். அந்த வருடம் கொழும்பில் யாரும் அப்படிக் கேட்டால் என்ன மறுமொழி சொல்வதென்று எங்களுக்குத் தெரியாது. பரவாயில்லை என்றேன். இதை ஏன் கேட்டீர்கள் என்றார். ஹஜ் விசயத்தைச் சொன்னேன்.  தன் அம்மாவும் விகாரைக்குத் தானம் கொடுக்கும் காசை வேறாக வைப்பார், அதற்குள் மற்றக் காசு கலக்க விடமாட்டார் என்றார். உங்கள் அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார். முகம் தெரியாத அந்தப் பெண்ணின் மீது எனக்கு இன்றும் ஒரு பாசம் உண்டு.

ஜும்ஆ முடிந்து மாமா வந்தார். அத்தர் மணக்க உட்கார்ந்து, முதலில் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். வெறும் வயிற்றில் வியாபாரம் கதைக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. நான் தாள்களை நீட்டினேன்.

"படம் பாத்துப் பங்கு வாங்குற காலமும் வந்திட்டா புள்ள?" என்று சிரித்தார். ஆனால் நான் சொல்லச் சொல்ல அந்தச் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. கொழும்புக் கோலைப் பற்றிச் சொன்னதும் தாளைக் கீழே வைத்துவிட்டார்.

"இதத்தான் நாங்க கூடவா வாங்கிரிக்கம். எட்டுலயும் நல்லா ஏறுறது இதான். மௌலவியும் ஓம் எண்டவர்தானே."

"மௌலவிக்கிட்ட நீங்க பேரத்தானே வாசிச்ச மாமா," என்றேன். "பேருல தேங்காய்தான் இரிக்கி."

அவருக்குக் கோபம் வந்தது. என் மீது இல்லை. பஸாரில் அத்தனை பேரையும் ஓம் படுத்தியவர் அவர். போய் என்ன முகத்தோடு சொல்வது? எல்லாக் கம்பனியும் எங்கேயோ ஓரிடத்தில் பேங்கோடு தொடர்புதான், இப்படி நோண்டிக்கொண்டு போனால் ஊரில் உப்பும் வாங்க முடியாது என்று சத்தம் போட்டார். அவர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. 

ராத்தா கதவு நிலையில் சாய்ந்து நின்றார். அவர் மாமாவை எதிர்த்துக் கதைத்து நான் பார்த்ததே இல்லை.

"மத்த ஆக்கள் என்ன செய்யிற எண்டு எனக்குத் தெரியா மாமா. நீங்க தெரியாமச் செஞ்சிங்க, அது வேற. எனக்கு இப்ப தெரிஞ்சி போச்சி. வட்டித் தண்ணி பாஞ்சி வெளஞ்ச நெல்லுண்டு தெரிஞ்சிட்டு, அத நான் அவருக்குச் சோறாக்கி வெக்க மாட்டன். ஹஜ்ஜு பிந்தினாப் பிந்தட்டும்."

சொல்லிவிட்டு அழுதார். ஐந்து வருடம் காத்திருந்த ஒருத்தி, இன்னும் எத்தனை வருடம் ஆனாலும் சரி என்று சொல்வது லேசான காரியம் இல்லை. எனக்கும் அழுகை வந்தது. நான் அந்தப் படத்தைக் கீறாமலே இருந்திருக்கலாமோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

 மாமா வெற்றிலையை எடுத்தார், போடாமல் திரும்ப வைத்தார். பிறகு தாள்களை இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டு, "மத்த ஏழும் எப்படி? ஒண்டொண்டாச் சொல்லு" என்றார்.

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் என்னை விடவில்லை. இந்த இடத்தில் கோடு ஏன் விழுந்தது, இந்த இடைவெளி ஏன் இவ்வளவு பெரிது, வாய்க்கால் சொல்லாத இந்த மிச்சத்தை ஆர் ஆட்டுகிறது என்று கேட்டுக்கொண்டே போனார். சிலதுக்கு அவரே விடையும் வைத்திருந்தார். சீமெந்துக் கோடு ஓரிடத்தில் தனியாக ஏறியதைப் பார்த்துவிட்டு, அந்த மாதம் கடைக்குப் பின்னால் களஞ்சியம் கட்ட சீமெந்து தேடி அலைந்ததாகச் சொன்னார். அது பொருந்தியதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் விறாந்தையில் ஒரு ஹாஜியார் என் ஆய்வைத் தாள் தாளாக வாசித்த அந்தப் பின்னேரத்தை, பின்னால் என் வாய்மூலப் பரீட்சையில் பேராசிரியர்கள் கேட்ட கேள்விகளால்கூட மிஞ்ச முடியவில்லை. மற்ற ஏழையும் பற்றி, கம்பனிகளுக்கே கோல் எடுத்து விசாரித்துவிட்டு முடிவு செய்வோம் என்றார். அடுத்த கிழமை, தன் கடைத் தொலைபேசியிலிருந்து அவரே விசாரித்தார். அவை நேரான தொழில்களாக இருந்தன.

தேங்காய்த் தோட்டத்தை விற்கச் சொல்லி பஸாரில் போய்ச் சொன்னபோது அவர் பட்ட பாடு தனிக்கதை. சிலர் கேட்டார்கள். சிலர் தங்கள் பங்கைப் பிரித்துக்கொண்டு போனார்கள். தன் பங்கை விற்றுக் கிடைத்த இலாபத்தை மாமா மௌலவியிடம் கேட்டு ஏழைகளுக்குக் கொடுத்தார். ராத்தா வயல் விற்ற காசை மீதி ஏழில் போட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அடுத்த வருடம் எல்லாப் பங்கும் ஏறியது. ஆனால் அந்தத் தேங்காய்த் தோட்டம் ஏறியதுபோல் ஒன்றும் ஏறவில்லை. பிரிந்து போனவர்கள் மாமாவின் கடைக்கு முன்னால் நின்று, "ஹாஜியார், தேங்காய் என்ன விலை?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார்கள். மாமா வீட்டுக்கு வந்து அதை எங்களுக்கு நடித்துக் காட்டுவார். ராத்தா சிரிப்பார். நான்தான் இரகசியமாக அந்தக் கோட்டைக் கீறிப் பார்த்து, அது ஏற ஏற வயிறெரிவேன். ஏழில் போட்ட காசும் வளர்ந்தது. ஹஜ் பருவம் வந்தபோது விற்றோம். செலவுக்குச் சரியாக இருந்தது, மிஞ்சவில்லை.

பதல் ஹஜ்ஜுக்குப் போகிறவர் தன் சொந்த ஹஜ்ஜை முதலில் முடித்தவராக இருக்க வேண்டும். ராத்தா யாரைக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். மாமா தானாகவே வந்து, "நான் போறன் மகள்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அவர் மக்காவுக்குப் போய்ச் சேர்ந்து கோல் எடுத்தபோது நாங்கள் லுஹர் தொழுதுவிட்டு இருந்தோம். சத்தம் வந்தும் போயும் கேட்டது. பின்னால் பெரும் கூட்டத்தின் இரைச்சல். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் "இறைவா, வந்துவிட்டேன்" என்று சொல்லும் வாசகத்தை, பதல் செய்கிறவர் யாருக்காக வந்தாரோ அவருடைய பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். ஹஜ்ஜுக்கான இஹ்ராம் உடை கட்டும்போது மச்சானின் பெயரைச் சொல்லித்தான் நிய்யத்து வைத்ததாக மாமா சொன்னார். ராத்தா தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எப்படிச் சொன்னீங்க மாமா, எனக்கும் ஒருக்காச் சொல்லுங்க" என்று கேட்டார். அவர் சொன்னார். அவ்வளவு இரைச்சலுக்குள்ளும் அந்தப் பெயர் தெளிவாகக் கேட்டது. கடலோரம் எல்லாம் தேடியும் மச்சானின் ஜனாஸா எங்களுக்குக் கிடைக்கவில்லை. அடக்கிய இடம் என்று நின்று துஆக் கேட்க ஒரு கபுறும் இல்லை. ராத்தா போனைக் காதிலிருந்து எடுக்காமல், "அவர் போய்ச் சேந்திட்டார்" என்று உம்மாவிடம் சொன்னார்.

இப்போது நான் இதே பாடத்தை மாணவர்களுக்குப் படிப்பிக்கிறேன். இரண்டு கோடுகளும் ஒட்டிக்கொண்டு ஓடும் படம் வந்தால் பிள்ளைகள் சந்தோசத்தோடு தூக்கி வந்து காட்டுவார்கள். நான் பாராட்டிவிட்டு, இது ஏன் இப்படிப் பொருந்தியது என்று கேட்பேன். பொருந்தாததற்குத்தானே காரணம் தேட வேண்டும் என்று அவர்கள் விழிப்பார்கள். அந்த நேரம் ஒவ்வொரு முறையும் எனக்கு, "இதில ஏன் ஒரு கோடு மட்டும் இரிக்கி?" என்று ராத்தா கேட்டதும், தொலைபேசியில் மச்சானின் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டதும் ஞாபகம் வரும். சரியாகப் பொருந்திவிட்டது என்பதற்காக ஒன்றைக் கேள்வி கேட்காமல் விட்டுவிட எனக்கு இன்றுவரை மனம் இடம் கொடுத்ததில்லை.